நீண்டநாள் மலச்சிக்கலும் நீண்டநாள் மருந்தும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் பெயரைக் கேட்டவுடன் உங்களுள் சிலர் நகைத்திருப்பீர்கள். அதில் தவறில்லை. மலங்கழித்தலைப் பற்றிப் பேசினால் நகைப்பது எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் இயல்பு. ஆனால் அந்த நகைப்புக்குப் பின்னே ஒரு நாணம் இருக்கிறது. அந்த நாணம் பலருக்குப் பல்லாண்டுத் துன்பமாக முடிகிறது. தலைவலி என்றால் வகுப்பில் எழுந்து நின்று சொல்லும் பிள்ளை, நான்கு நாளாக வயிறு கழியவில்லை என்பதைத் தாயிடங்கூடச் சொல்லத் தயங்குகிறது. சொல்லாத நோய்க்கு யாரைக் கேட்டு மருந்து உண்பது? பக்கத்து வீட்டாரைக் கேட்டும், விளம்பரத்தைப் பார்த்தும் உண்கிறார்கள் சிலர். வேறு சிலர், 'மருந்துக்கு அடிமையாகி விடுவோம்' என்று அஞ்சி, உண்ண வேண்டிய மருந்தையும் உண்ணாமல் ஆண்டுக்கணக்கில் முக்கி முனகிக் காலங்கழிக்கிறார்கள். இவ்விரு சாராருள் முன்னவரை எச்சரிப்பதற்கு ஆள் பலர் உண்டு. பின்னவரிடம் பேசுவோர் சிலரே. ஆகவே இன்று அவர்களுடைய அச்சத்தையே மிகுதியாக ஆராய விரும்புகிறேன்.

மலச்சிக்கல் என்பது யாது? காலையில் எழுந்ததும் ஒருமுறை கழியாவிட்டால் அது மலச்சிக்கல் என்று நம் வீடுகளில் எண்ணுகிறோம். மருத்துவர்கள் அவ்வாறு கொள்வதில்லை. நாளுக்கு மூன்று முறை கழிப்பவரும் உண்டு. வாரத்துக்கு மூன்று முறை கழிப்பவரும் உண்டு. இருவருமே முழு நலம் உடையவராக இருக்கலாம். எத்தனை முறை என்பதைவிட எப்படி என்பதே பெரிது. முக்க வேண்டியிருக்கிறதா, மலம் கட்டி கட்டியாக இறுகியிருக்கிறதா, கழித்த பின்னும் இன்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்ச்சி நீங்காமல் இருக்கிறதா என்று கேட்பார்கள். குடல்நோய் வல்லுநர்கள் கூடி வகுத்த 'ரோம் அளவுகோல்' என்னும் வரையறை ஒன்று உண்டு. 2016இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பின்படி, இத்தகைய குறிகளுள் இரண்டேனும் மூன்று மாத காலம் இருத்தல் வேண்டும். நோய் தொடங்கி ஆறு மாதமேனும் ஆகியிருத்தல் வேண்டும். திருமண வீட்டு விருந்துண்டு இரண்டு நாள் துன்புறுவது இந்தக் கணக்கில் சேராது.

இனிக் குடலின் வேலையைச் சற்றுக் காண்போம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீர் சிறுகுடலுக்குள் வருகிறது. இதில் நாம் உண்பதும் குடிப்பதுமாகச் சேர்ந்தது 2 லிட்டர் அளவே. மற்றவை உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் முதலியனவாக உடலே சுரந்து ஊற்றுபவை. சிறுகுடல் அவற்றுள் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் மட்டுமே பெருங்குடலை அடைகிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அந்தப் பெருங்குடல் அதையும் உறிஞ்சி, முடிவில் நூறு அல்லது இருநூறு மில்லி லிட்டர் நீரையே மலத்தோடு வெளிவிடுகிறது. எவ்வளவு சிக்கனமான குடும்பத் தலைவி பாருங்கள்! அந்தச் சிக்கனம் அளவு கடந்தால் வருவதுதான் இறுகிய மலம். பெருங்குடலுக்குள் மலம் நெடுநேரம் தங்கத் தங்க, நீர் மேன்மேலும் உறிஞ்சப்படுகிறது.

மலத்தை முன்னே தள்ளும் பெரிய அலைகள் நாள் முழுவதும் எழுவதில்லை. நாளுக்குச் சில முறையே எழும். துயில் நீங்கி எழுந்த பின்னும் உணவு உண்ட பின்னும் மிகுதியாக எழும். இந்த இடத்தில், பள்ளியில் பல்லாண்டு மணியடிக்கச் செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். குடல் 'இப்போது' என்று சொல்லும் அந்த வேளையில்தான் நம் பிள்ளைகள் இட்டிலியை விழுங்கிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுகிறார்கள். பள்ளிக்கு வந்தபின் கழிப்பறை தூய்மையாக இல்லை என்று மாலைவரை அடக்குகிறார்கள். பெண்பிள்ளைகள் சிலர், கழிப்பறைக்குப் போக நேருமே என்று நீரே குடிப்பதில்லை. அழைப்பை அடக்க அடக்க அழைப்பின் குரல் தேய்ந்துவிடுகிறது. இவர்களுள் பெரும்பாலோர்க்கு மருந்து வேண்டியதில்லை. நேரமும், நீரும், கீரையும் பழமும், தாழ்ப்பாள் உள்ள தூய கழிப்பறையும் போதும்.

எல்லாம் செய்தும் தீராதவர்கள் இருக்கிறார்கள். வாழைப்பழம் உண்டார்கள், நீர் குடித்தார்கள், நடந்தார்கள், இசப்கோல் உமியைக் கரைத்துக் குடித்தார்கள். குசராத்திலும் இராசத்தானிலும் விளைந்து உலகெங்கும் செல்லும் இந்த உமி நல்ல பொருள். நீரைப் பற்றிக்கொண்டு பருத்து மலத்தை மென்மையாக்குவது. ஆனால் குடலின் ஓட்டமே மந்தமாக உள்ளவர்க்கு நார்ப்பொருளைக் கூட்டிக்கொண்டே போனால் வயிறு உப்புமேயன்றி மலம் நகராது. போக்குவரத்து நின்றுபோன சாலையில் மேலும் வண்டிகளை விடுவது போன்றது அது. 'நீ கீரை உண்பதில்லை, அதனால்தான்' என்று இவர்களைக் குற்றஞ்சாட்டுவோர் உண்டு. அது அறியாமை. இவர்களுக்குத்தான் மருந்து வேண்டும். அதுவும் பெரும்பாலும் நீண்டநாள் வேண்டும்.

இங்கேதான் அச்சம் எழுகிறது. 'மலமிளக்கியைத் தொடர்ந்து உண்டால் குடல் சோம்பிவிடும். பிறகு மருந்தின்றி வாழ முடியாது' என்னும் அச்சம். இது எங்கிருந்து வந்தது, இதில் உண்மை எவ்வளவு என்று பார்ப்பதற்கு நம் நாட்டு மூலிகை ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் நிலாவாரை என்னும் குறுஞ்செடி பயிராகிறது. நிலவாகை என்றும் கூறுவர். நம் வேலியோரத்து ஆவாரைக்கு நெருங்கிய உறவு. அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து நம் மண்ணில் வேரூன்றிய செடி இது. இதன் இலையும் காயும் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக உலகெங்கும் சென்றன. அதனால் மருந்து வணிகத்தில் 'டின்னவெல்லி சென்னா' என்று நம் ஊரின் பெயராலேயே இது வழங்குகிறது. இதன் ஆற்றலுக்குக் காரணமான சென்னோசைடு என்னும் பொருள்களை 1941இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் என்னும் வேதியியலாரும் அவர் குழுவினரும் பிரித்தெடுத்தனர்.

சென்னோசைடு செயற்படும் முறை வியப்பானது. சிறுகுடல் அதை உறிஞ்சுவதில்லை. பூட்டிய பெட்டி போல அது பெருங்குடல் வரை செல்கிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் பெட்டியைத் திறந்து உள்ளிருக்கும் மருந்தை வெளிப்படுத்துகின்றன. அது குடற்சுவரைத் தூண்டி அசைவை மிகுவிக்கிறது. நீர் உறிஞ்சுதலையும் குறைக்கிறது. இவற்றுக்கெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இரவில் உண்டு காலையில் பயன் காண்பது அதனாலேதான். நம் பாட்டிமார் தந்த விளக்கெண்ணெயும் தூண்டும் மருந்தே. அதன் செயல் சிறுகுடலிலேயே தொடங்கிவிடுவதால் வேகம் மிகுதி. எத்தனையோ நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட அந்த எண்ணெய் குடல் தசையின் எந்த ஏற்பியைப் பற்றி வேலை செய்கிறது என்பது 2012இல்தான் தெளிவாயிற்று.

தூண்டும் மருந்துகள் குடலைக் கெடுக்கும் என்னும் எண்ணத்துக்கு மூன்று சான்றுகள் காட்டப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாக எடை போடுவோம்.

முதலாவது நிறம். நிலாவாரை வகை மருந்தை மாதக்கணக்கில் உண்டவரின் பெருங்குடலைக் குழாய்க் கருவி வழியே பார்த்தால் உட்சுவர் பழுப்பேறி, சிலருக்குக் கருமையாகவே இருக்கும். பார்த்தவர் அஞ்சுவது இயல்பே. ஆனால் அது, மடிந்த அணுக்களின் எச்சத்தைத் துப்புரவு அணுக்கள் விழுங்கி வைத்திருப்பதால் தோன்றும் நிறமே. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் மறைந்துவிடும். குடலின் வேலைக்கு இதனால் கேடு வந்ததாகக் காணப்படவில்லை.

இரண்டாவது சான்று கதிர்ப்படம். 1943இல் ஹைல்பிரன் என்னும் மருத்துவர், நெடுங்காலம் பேதி மருந்து உண்டவர் ஒருவரின் பெருங்குடல் தன் மடிப்புகளை இழந்து வழவழப்பான குழாய் போலத் தோன்றுவதை எக்ஸ்-ரே படத்தில் காட்டினார். 'பேதிக்குடல்' என்னும் பொருளுடைய பெயர் ஒன்று அதற்கு நிலைத்தது. அந்தக் காலத்தில் வழங்கிய பேதி மருந்துகளுள் போடோபிலின் போன்ற கொடிய தாவரச் சரக்குகளும் இருந்தன. அவை இன்று அப்பயனுக்கு வழங்குவதில்லை. அத்தகைய குடற்படங்களும் பின்னர் அரியவாயின.

மூன்றாவது சான்றே வலிமையானது. 1968இல் பார்பரா ஸ்மித் என்னும் ஆங்கில நாட்டு ஆய்வாளர், நெடுநாள் பேதி மருந்து உண்டவர்களின் குடலிலும், நிலாவாரை ஊட்டப்பட்ட சுண்டெலிகளின் குடலிலும் நரம்புப் பின்னல் சிதைந்திருப்பதாக எழுதினார். 'மருந்து நரம்பைக் கொல்கிறது' என்று பாடநூல்கள் எழுதத் தொடங்கின. நாம் வளர்ந்த காலத்து மருத்துவர்கள் அவ்வாறுதான் கற்றார்கள். நம்மிடமும் அவ்வாறே கூறினார்கள்.

இந்த இடத்தில், மாணவர்களே, நீங்கள் அறிவியல் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். குடை பிடித்தவர்கள் மிகுந்த நாளில் மழை பெய்கிறது. அதனால் குடைதான் மழையை வருவிக்கிறது என்று சொல்லலாமா? நரம்பு கெட்ட குடலை உடையவர் மலச்சிக்கலால் துன்புற்று மருந்து உண்டிருக்கலாம் அன்றோ? அப்படியானால் கேடு முன்னது, மருந்து பின்னது. 1989இல் எலிகளையும் சுண்டெலிகளையும் கொண்டு மீண்டும் நடத்திய ஆய்வில் சென்னோசைடு குடல் நரம்பணுக்களைக் கொல்லவில்லை என்று கண்டனர். மேலும், குடலசைவுக்குத் தாளம் வகுக்கும் அணுக்கள் சில உண்டு. அவற்றைக் கண்டுரைத்த இசுப்பானிய அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் பெயரால் அவை கஹால் அணுக்கள் எனப்படும். ஓட்டம் மந்தமான பெருங்குடலில் இந்த அணுக்கள் குறைந்திருப்பது பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. நோயே குடலின் உள்ளமைப்பில் இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது. 2005இல் மியுல்லர்-லிஸ்னர், காம், ஸ்கார்பிஞ்ஞாட்டோ, வால்டு என்னும் நால்வர் அதுவரை கிடைத்த சான்றுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தனர். உரிய அளவில் உண்ணும் தூண்டு மருந்து பெருங்குடலைக் கெடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அவர்கள் எழுதினர்.

அப்படியானால் 'மருந்தை நிறுத்தினேன், மூன்று நாள் வயிறு கழியவில்லை. நான் அடிமையாகிவிட்டேன்' என்று சொல்கிறார்களே, அது பொய்யா? பொய்யில்லை, ஆனால் பொருள் வேறு. வலிய பேதி மருந்து ஒருநாள் வேலையைச் செய்வதில்லை; பெருங்குடல் முழுவதையுமே துடைத்துவிடுகிறது. காலியான குடல் மீண்டும் நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும். வற்றிய கண்மாயில் மறுநாளே மடை திறந்தால் நீர் வருமா? வராது. இதை அறியாதவர் 'மறுபடியும் சிக்கல்' என்று அஞ்சி மறுநாளே பேதிக்கு உண்கிறார். குடல் மீண்டும் துடைக்கப்படுகிறது. மீண்டும் காத்திருக்க வேண்டியதாகிறது. இந்தச் சுழலில் சிக்கியவர் நாளடைவில் அளவைக் கூட்டுகிறார். அளவு மிஞ்சிய பேதியில் நீரும் பொட்டாசியம் என்னும் உப்பும் உடலை விட்டுப் போகின்றன. பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும்; இதயத் துடிப்பும் ஒழுங்கு கெடும். உடல் மெலிய வேண்டும் என்று பேதி மாத்திரை விழுங்கும் இளைஞர்கள் சில நாடுகளில் இவ்வாறு உயிருக்கே ஊறு தேடிக்கொண்டுள்ளனர். மெலிவது நீரினாலேயன்றிக் கொழுப்பினால் அன்று. பெரும் அளவில் வேளை தவறி உண்பதற்கும், சிறிய அளவில் கணக்காக உண்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதனால் உணரலாம்.

நாள்தோறும் வயிறு கழியாவிட்டால் உடம்பு முழுவதும் நஞ்சேறும் என்ற எண்ணமும் இந்தச் சுழலுக்கு ஒரு காரணம். இந்த எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் சர் வில்லியம் ஆர்புத்நாட் லேன் என்னும் பேர்பெற்ற அறுவை மருத்துவர், இந்த நஞ்சுக் கொள்கையை நம்பி, மலச்சிக்கல் உடையவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்துவந்தார். 1919இல் வால்டர் ஆல்வரெஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் எளிய வாதம் ஒன்றைக் கூறினார். மலம் கழிந்தவுடனே தலைவலியும் சோர்வும் நீங்கிவிடுகின்றன. இரத்தத்தில் நஞ்சு கலந்திருந்தால் அது அப்படி ஒரு நொடியில் நீங்குமா? மலக்குடல் விரிந்து நிற்பதே அந்தத் துன்பத்துக்குக் காரணமாகும் என்றார். ஒரு கொள்கையை வீழ்த்த எப்போதும் பெரிய கருவி வேண்டியதில்லை என்பதற்காகவே இந்தக் கதையைச் சொன்னேன்.

தூண்டும் மருந்துக்குமுன் இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தருவது நீரைப் பிடித்துவைக்கும் மருந்து. பாற்சருக்கரையிலிருந்து செய்யும் லாக்டுலோஸ் பாகு அவற்றுள் ஒன்று. 1950களின் இறுதியிலிருந்தே மலச்சிக்கலுக்கு வழங்குவது. இனிப்பாக இருக்கும். குடல் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைப்பதால் சிலருக்கு வாயு மிகும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்பது மற்றொன்று. பெயர் நீண்டது, பொருளும் நீண்ட சங்கிலியே. அந்த மூலக்கூறு குடலில் உறிஞ்சப்படாமலும் புளிக்காமலும், தன்னோடு பிணைத்த நீரை விடாமலும் மலம் வரை செல்கிறது. எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சின் பெயரை ஒத்திருக்கிறதே என்று வேதியியல் மாணவர்கள் ஐயுறலாம். சிறு மூலக்கூறு வேறு, அது போன்ற அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலி வேறு. சருக்கரையும் பருத்தி நூலும் ஒன்றாகாதது போல.

இந்த மருந்தை நெடுநாள் உண்டால் என்னாகும்? 2007இல் அமெரிக்காவில் டிபால்மா என்பவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு விடை தேடியது. நீண்டநாள் மலச்சிக்கல் உடைய 304 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினர்க்கு நாளுக்கு 17 கிராம் மருந்தும், மறு பகுதியினர்க்கு மருந்தில்லாத போலித் தூளும் ஆறு மாதம் தந்தனர். எது எது என்று நோயாளிக்கும் தெரியாது, தருபவர்க்கும் தெரியாது. ஆய்வு முடிவில் மருந்து உண்டவர்களுள் நூற்றுக்கு 52 பேரும், போலித்தூள் உண்டவர்களுள் நூற்றுக்கு 11 பேரும் நலம் பெற்றிருந்தனர். ஆறு மாதத்தில் மருந்தின் ஆற்றல் தேயவும் இல்லை. 2023இல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கங்கள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை இம்மருந்தை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. நிலாவாரையையும் அது ஏற்கிறது. ஆனால் அதன் மீது நடந்த நல்ல ஆய்வு நான்கு வார அளவினதே என்பதால் சற்றுத் தயக்கத்தோடு ஏற்கிறது. நீண்டநாள் உண்பது பொருத்தமாகவே இருக்கலாம். ஆயினும் மேலும் ஆய்வு வேண்டும் என்கிறது. 'கெடுதி' என்றும் சொல்லாமல், 'ஐயமே இல்லை' என்றும் சொல்லாமல் எழுதிய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இவற்றுக்கும் மசியாத சிக்கல் உண்டு. அதற்குப் புதிய மருந்துகள் சில வந்துள்ளன. அமெரிக்காவில் 2006இல் ஒப்புதல் பெற்ற லூபிபுரோஸ்டோனும் 2012இல் பெற்ற லினாக்லோடைடும் குடற்சுவரிலிருந்து நீரைச் சுரக்கச் செய்பவை. புருகலோப்ரைடு என்பது குடலின் நரம்புகளுக்கே செய்தி சொல்வது. செரட்டோனின் என்னும் பொருளை மூளையோடு சேர்த்தே நாம் கேள்விப்படுகிறோம். உடலில் உள்ள செரட்டோனினில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதி குடலில்தான் இருக்கிறது! அதன் ஏற்பிகளுள் ஒன்றைத் தூண்டிக் குடலலையை எழுப்புவது இந்த மருந்து. இதற்கு முன்னோடிகளான சிசாப்ரைடு 2000இலும், டெகாசெராடு 2007இலும் இதயத்துக்கு ஊறு நேரும் என்னும் அச்சத்தால் அமெரிக்கச் சந்தையிலிருந்து பின்வாங்கப்பட்டன. அதனால் புருகலோப்ரைடை மிகவும் சோதித்தே ஏற்றனர்: ஐரோப்பா 2009இலும், அமெரிக்கா 2018இலும்.

2008இல் வெளிவந்த ஆய்வொன்றில் கடுமையான மலச்சிக்கல் உடைய 620 பேர்க்குப் பன்னிரண்டு வாரம் இதைத் தந்து பார்த்தனர். வாரத்துக்கு மூன்று முறையேனும் முழுமையாகக் கழிந்தவர்கள், 2 மில்லிகிராம் உண்டோரில் நூற்றுக்கு 31 பேர். போலி மாத்திரை உண்டோரில் 12 பேர். விளம்பரம் எழுதுபவர் இதனை 'இரண்டரை மடங்கு வெற்றி' என்பார். கணக்கு ஆசிரியர், 'மீதி 69 பேர் என்னானார்கள்?' என்று கேட்பார். இரண்டு கேள்வியும் வேண்டும். பயன் பெறுவோர்க்கு அது பெரிய விடுதலை. பயன் பெறாதோர், சில வாரங்களில் அதை உணர்ந்து மருத்துவரிடம் திரும்ப வேண்டும். பயனற்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் உண்பது நீண்டநாள் மருத்துவம் ஆகாது.

பயன்படாமைக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சிலருக்குக் குடல் மலத்தை ஒழுங்காகவே கொண்டுவருகிறது, வாயிலிலேதான் தடை. முக்கும்போது தளர வேண்டிய இடுப்படித் தசைகள் தம்மையறியாமல் இறுகிக்கொள்கின்றன. கதவைத் தள்ளிக்கொண்டே தாழ்ப்பாளையும் போட்டது போன்ற நிலை. இவர்களுக்கு மருந்தை எவ்வளவு கூட்டினாலும் முழுப்பயன் இல்லை. தசையின் நிலையைக் கருவியில் கண்ணால் பார்த்துக்கொண்டே அதைத் தளர்த்தப் பழகும் பயிற்சி ஒன்று உண்டு. 2006இல் இத்தாலியிலிருந்து வந்த ஆய்வில், இத்தகையோருள் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 80 பேரும், பாலிஎத்திலீன் கிளைக்கால் உண்டவர்களில் 22 பேரும் பெரிதும் நலம் பெற்றனர். ஆகவே, பிடிவாதமான சிக்கலுக்கு மருந்தை மாற்றிக்கொண்டே போவதற்கு முன், எவ்வகைச் சிக்கல் என்று சோதித்து அறிதல் வேண்டும். தைராய்டுச் சுரப்புக் குறைவு, நீரிழிவு, நடுக்குவாதம் முதலிய நோய்களும், இரும்புச்சத்து மாத்திரை, அபின் வழிவந்த வலிநீக்கி போன்ற மருந்துகளும் சிக்கலை உண்டாக்கும். ஐம்பது வயதைக் கடந்தவர்க்குப் புதிதாக வந்த சிக்கல், மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை ஆகியவை இருந்தால் மலமிளக்கியைத் தேடாமல் அன்றே மருத்துவரைத் தேட வேண்டும்.

காரணங்களை ஆராய்ந்து, குடலோட்டமே மந்தம் என்று தெளிந்தபின் மருத்துவர் தரும் மருந்தை நெடுநாள் உண்பவரை 'அடிமை' என்று சொல்லுதல் தகாது. கண்ணாடி அணிந்தவர் கண்ணாடிக்கு அடிமையா? தைராய்டு மாத்திரை உண்பவர் மாத்திரைக்கு அடிமையா? அடிமைத்தனத்தில் மயக்கமும் அளவு கூடிக்கொண்டே போகும் ஆசையும் உண்டு. இங்கே உள்ளது தேவை மட்டுமே. ஆயினும் நீண்டநாள் மருந்துக்குக் கணக்கு வேண்டும். சிறுநீரகம் தளர்ந்த முதியவர் மக்னீசிய உப்பு மருந்தைத் தாமே நெடுநாள் உண்டால் அது இரத்தத்தில் தேங்கி ஊறு செய்யும். கருவுற்றோர்க்கு எல்லா மருந்தும் ஒவ்வா. மருந்து நூற்றாண்டு கண்டது என்பதாலும் நம்பிவிட முடியாது. 1902இல் அங்கேரி நாட்டில் பேதிக் குணம் கண்டறியப்பட்ட பினால்ப்தலீன், சாக்கலேட்டு வடிவில் பல தலைமுறைப் பிள்ளைகள் தின்ற மருந்து. விலங்குகளில் அது புற்றுநோய் விளைத்தது கண்டு, 1999இல் அமெரிக்கா அதைக் கடைகளிலிருந்து விலக்கியது. உங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் காரத்தைக் கண்டால் இளஞ்சிவப்பாகும் அதே பினால்ப்தலீன்தான் அது.

சிறுவர் சிறுமியரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இறுகிய மலம் ஒருமுறை வலி தந்தால் குழந்தை மறுமுறை அடக்கிக்கொள்கிறது. அடக்க அடக்க மலம் பெரிதாகி, வலியும் பெரிதாகிறது. இந்தச் சுழலை அறுக்க, தேங்கியதை முதலில் வெளியேற்றிவிட்டு, மென்மையாக்கும் மருந்தை மாதக்கணக்கில் தருகிறார்கள். இரண்டு வாரத்தில் குழந்தை சிரித்து விளையாடத் தொடங்கியதும் பெற்றோர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் பழைய துன்பம் திரும்புகிறது. விரிந்துபோன மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கவும், வலி வரும் என்ற நினைவு குழந்தையின் மனத்தை விட்டு நீங்கவும் காலம் வேண்டும். ஆகையால் மருந்தைத் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொற்படி அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். அந்த மாதங்களில் உணவுக்குப் பின் ஐந்து பத்து நிமிடம் கழிப்பறையில் அமர்த்துவதும், உட்காரும் வகைக் கழிப்பறையானால் கால் பாவ ஒரு சிறு பலகை வைப்பதும் மருந்தோடு சேர்ந்த மருத்துவமே. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையானால், பாடத்தின் நடுவிலும் வெளியே செல்ல விடுமாறு பெற்றோர் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தல் நன்று. ஆசிரியரும் காரணத்தை வகுப்பறிய உரக்கக் கேட்காமல் தலையசைத்து அனுப்பிவிடலாம்.